குழந்தைகளோடு ஹாலோவீன்: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஏற்ற நிகழ்ச்சிகளைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால், வளைகுடாப் பகுதியில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் ஆரஞ்சு நிறப் பூசணிகள் குவிந்து கிடக்கும். நூலகத்தின் அறிவிப்புப் பலகை, பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சல், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு என எங்கும், குழந்தைகள் வேடமணிந்து மிட்டாய் வாங்கும் பண்டிகையான ஹாலோவீனின் அறிவிப்புகள் நிறையத் தொடங்கும். இங்கே புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பத்துக்கு நிகழ்ச்சிகள் கிடைக்கவில்லை என்ற குறை ஒருநாளும் இருக்காது. அவற்றில் எது தம் குழந்தைக்கு ஏற்றது என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். வைக்கோல் கட்டின்மேல் அமர்ந்து தோட்டத்தைச் சுற்றி வருவதும், இருட்டில் ரம்பத்தை உறுமவிட்டபடி ஒருவர் நம்மைத் துரத்தி வருவதும் ஒரே பண்டிகையின் பெயரில்தான் நடக்கின்றன. சில இடங்களில் இவ்விரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் நடக்கின்றன.

புதுவீட்டின் முகப்பில் அரக்கன் முகம் வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, காயில் கோரமுகம் செதுக்கி வாசலில் வைக்கும் வழக்கம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, இங்கே எளிதாகக் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். ஆனால் காசு கொடுத்துப் பயப்படப் போவது என்பது நம் பழக்கத்தில் பெரும்பாலும் இல்லாதது. தவறுகள் நேர்வதும் அந்த இடத்தில்தான் என்பதால், இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: குழந்தையின் பயத்தை அளந்துகொள்ளுங்கள்

என் மூத்த மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, "குடும்பத்தினருக்கு ஏற்றது" என்ற ஒரு வரியை நம்பி ஒரு நிகழ்ச்சிக்கு மாலை ஏழு மணிக்கு அழைத்துச் சென்றேன். நுழைவாயிலைக் கடந்து இருபது அடி நடப்பதற்குள், முகமூடி அணிந்த ஒருவர் புதருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததையும், அடுத்த மூன்று வாரங்கள் விளக்கை அணைக்க விடாமல் படுத்திருந்ததையும் என்னால் மறக்க முடியவில்லை. பகலில் அதே இடத்துக்குப் போன நண்பர்களின் குழந்தைகள் மகிழ்ச்சியோடு திரும்பி வந்திருந்தார்கள். விளம்பரம் பொய் சொல்லவில்லை. பகலுக்குப் பொருந்திய ஒரு சொல்லை நான் இரவுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து நான் விளம்பரச் சொற்களை விட்டுவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் பார்க்கிறேன்: நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் வெளிச்சம் இருக்குமா, வேடமிட்ட நடிகர்கள் நம்மை நெருங்கி வருவார்களா, நடுவழியில் மனம் மாறினால் உடனே வெளியேற முடியுமா. இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், பொம்மை எலும்புக்கூடுகள் நூறு நின்றிருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். இவற்றில் ஒன்று தவறினாலும், அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிறு குழந்தையோடு அங்கே போக வேண்டாம்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பூசணித் தோட்டமும் ஆட்டுக்குட்டியும் போதும். அதற்கு மேல் எதுவும் அந்தக் குழந்தைக்காக நடப்பதில்லை. நான்கு முதல் ஏழு வயது வரை உள்ளவர்களுக்கு முகமூடிதான் பெரிய சிக்கல். தெரிந்தவரே முகமூடி அணிந்தாலும் அந்த வயதில் சில குழந்தைகள் மிரண்டுபோவார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதினர் கொஞ்சம் பயப்பட விரும்புவார்கள், ஆனால் நண்பர்களுக்கு முன்னால் பயத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அவர்களைத் தனியாக, போவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஒரே வீட்டில் ஐந்து வயதும் பதினொரு வயதும் இருந்தால், இளையவரின் அளவுக்கே பொதுப் பயணத்தை வையுங்கள். மூத்தவருக்கு வேறொரு மாலை தனியே ஒதுக்கலாம்.

இரண்டாம் படி: அறிவிப்புகளின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்குள்ள அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்களின் பொருள் தெரிந்துவிட்டால், பாதி வேலை முடிந்ததுபோலத்தான்.

"பம்ப்கின் பேட்ச்" என்பது பூசணித் தோட்டம். சில இடங்களில் காய் உண்மையிலேயே கொடியிலிருந்து வளர்ந்த நிலத்தில் கிடக்கும். வேறு சில இடங்களில் லாரியில் வந்த காய்களை ஒரு காலி மனையில் வைக்கோல் பரப்பி அடுக்கியிருப்பார்கள். இரண்டிலும் குழந்தைகள் மகிழ்வார்கள் என்றாலும், தோட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் முன்கூட்டியே நிழற்படங்களைப் பார்த்துவிட வேண்டும். "ஹே ரைடு" என்பது டிராக்டர் இழுக்கும் வைக்கோல் வண்டிச் சவாரி. அதன் முன்னால் "ஹாண்டட்" என்ற சொல் ஒட்டிக்கொண்டால், வழியில் நடிகர்கள் பாய்ந்து வரும் இரவுச் சவாரி என்று பொருள். "கார்ன் மேஸ்" என்பது ஆளுயரச் சோளக்காட்டில் வெட்டப்பட்ட புதிர்வழி. "ஹே மேஸ்" என்பது வைக்கோல் கட்டுகளால் கட்டப்பட்ட அதன் வடிவம்.

"ட்ரங்க் ஆர் ட்ரீட்" என்ற சொல் புதிதாக வந்தவர்களைக் குழப்புகிறது. பள்ளி அல்லது தேவாலயத்தின் வாகன நிறுத்துமிடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, பின்பக்கப் பெட்டியைத் திறந்து அலங்கரித்து, அங்கிருந்தே மிட்டாய் வழங்குவார்கள். சாலையைக் கடக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும், கட்டணமும் பொதுவாக இருக்காது. நடக்கத் தொடங்கிய குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட ஏற்ற அறிமுகம் இல்லை என்பது என் கருத்து. தேவாலயங்கள் நடத்துபவற்றில் சில இடங்களில் சமயச் செய்தி கொண்ட சிறு அட்டைகளும் மிட்டாயோடு வரும். அதில் உங்களுக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பதை முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

"ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்" அல்லது "ஃபால் ஃபெஸ்டிவல்" என்று மட்டும் எழுதியிருந்தால், அறுவடையையும் இலையுதிர் காலத்தையும் கொண்டாடும், பேய் அலங்காரம் குறைந்த நிகழ்ச்சி என்று பெரும்பாலும் நம்பலாம். ஹாலோவீன் வேண்டாம், பருவத்தின் மகிழ்ச்சி மட்டும் போதும் என்று நினைக்கும் குடும்பங்கள் இந்தச் சொற்களைக் கொண்டே தேடலாம். "ஹாண்டட் ஹவுஸ்", "ஸ்கேர் ஸோன்", "ஃப்ரைட் நைட்" ஆகியவை பயமுறுத்துவதற்கென்றே நடப்பவை; சிறுவர்களுக்கு உரியவை அல்ல.

மூன்றாம் படி: நாட்காட்டியை முன்கூட்டியே வரையுங்கள்

ஹாலோவீன் அக்டோபர் 31 அன்றுதான் என்றாலும், நிகழ்ச்சிகளின் காலம் அதைவிட மிக நீளமானது. தெற்குக் கலிபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்கா அண்மை ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியிலேயே ஹாலோவீன் அலங்காரத்தைத் தொடங்கிவிடுகிறது. தோட்டங்கள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ திறக்கும். நகராட்சிகள், நூலகங்கள், விலங்குக்காட்சிச் சாலைகள் ஆகியவற்றின் நிகழ்ச்சிகள் அக்டோபரின் பின்பாதியில் குவியும். ஆகவே ஆகஸ்ட் இறுதியில் ஒரு முறை, செப்டம்பர் நடுவில் ஒரு முறை, அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு முறை என மூன்று தவணைகளாகத் தேடுவது பயன் தரும். முதல் தவணையில் டிக்கெட் தீர்ந்துவிடக்கூடிய பெரிய இடங்களைப் பாருங்கள். கடைசித் தவணையில், விளம்பரம் செய்யப் பணம் இல்லாத சிறிய, இலவச நிகழ்ச்சிகளைத் தேடுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நவராத்திரிக் கொலுவும் தீபாவளியும் இதே வாரங்களில்தான் வருகின்றன. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்றே வந்தது. காலையில் எண்ணெய்க் குளியலும் புத்தாடையும், மாலையில் வேடமும் மிட்டாய்ப் பையும் என்று ஒரே நாளைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டன. கொலுவுக்கு அழைப்புகள் வரும் வார இறுதிகளை முதலில் குறித்துக்கொண்டு, மீதமுள்ள நாட்களில் ஹாலோவீன் பயணங்களை வைத்தால் குழந்தைகள் களைத்துப்போக மாட்டார்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு பெரிய பயணங்களும் ஒன்றிரண்டு உள்ளூர் நிகழ்ச்சிகளும் போதும்.

நான்காம் படி: யார் நடத்துகிறார்கள் என்பதிலிருந்து தேடுங்கள்

தேடுபொறியில் "என் அருகில் ஹாலோவீன்" என்று தட்டினால் முதலில் வருபவை விளம்பரத்துக்குச் செலவழிக்கக்கூடிய வணிக நிகழ்ச்சிகள். நல்லவை பலவும் அதற்குக் கீழே புதைந்து கிடக்கும். ஆகவே நிகழ்ச்சியைத் தேடுவதைவிட, நடத்தும் அமைப்பைத் தேடுவதே சிறந்த வழி.

முதலில் உங்கள் நகரின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறையின் பக்கத்தைப் பாருங்கள். வளைகுடாப் பகுதியின் ஏறத்தாழ எல்லா நகரங்களிலும் இத்தகைய துறை உண்டு; வேடப் போட்டி, பூங்காவில் மிட்டாய் வேட்டை, திரைப்பட மாலை போன்றவற்றைச் சிறு கட்டணத்தில் அல்லது இலவசமாக நடத்துவார்கள். பக்கத்து நகரங்களின் பக்கங்களையும் பார்க்கத் தவறாதீர்கள். நகரவாசி அல்லாதவர்களுக்குச் சில டாலர்கள் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது நூலகம். கதை சொல்லும் நேரத்துக்குக் குழந்தைகள் வேடமணிந்து வருவது, நூலகத்துக்குள்ளேயே மேசை மேசையாகச் சென்று சிறு பரிசு வாங்குவது, பூசணிக்கு வண்ணம் தீட்டுவது என அங்கே நடப்பவை எல்லாம் பகல் வெளிச்சத்தில், சிறுவர் நூலகரின் கண்காணிப்பில் நடக்கின்றன. இப்பகுதியின் பல நூலகங்களில் "டிஸ்கவர் அண்ட் கோ" என்ற திட்டமும் உண்டு. நூலக அட்டை இருந்தால், அருங்காட்சியகங்களுக்கு இலவச அல்லது சலுகை நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யலாம். அக்டோபர் மாதச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே முயல வேண்டும்.

மூன்றாவதாக, வட்டாரப் பூங்கா அமைப்புகள். அலமேடா, காண்ட்ரா கோஸ்டா மாவட்டங்களின் பூங்காக்களைப் பராமரிக்கும் ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா அமைப்பு, வௌவால், ஆந்தை, சிலந்தி ஆகியவற்றைப் பற்றி இயற்கை வழிகாட்டிகள் விளக்கும் நடைகளை இந்தப் பருவத்தில் வைப்பதுண்டு. பேய்க்கதை எதுவும் இல்லாமல், குழந்தைகள் எதைக் கண்டு அஞ்சுகிறார்களோ அதையே அறிவியலாகக் காட்டும் இந்த நடைகளை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

பள்ளியின் பெற்றோர் சங்கம், ஊர் மையத்தில் உள்ள கடைக்காரர் சங்கம் ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. பல சிறு நகரங்களில் அக்டோபர் கடைசியில் ஒரு பிற்பகல் முழுவதும் கடைத்தெருவில் வேடமணிந்த குழந்தைகளுக்குக் கடைதோறும் மிட்டாய் வழங்குவார்கள். இச்செய்தி பெரும்பாலும் கடைக் கண்ணாடியில் ஒட்டிய ஒரு தாளில் மட்டுமே இருக்கும். பெற்றோரின் முகநூல், வாட்ஸ்அப் குழுக்கள் துப்புக் கொடுக்க உதவும். ஆனால் அங்கே பகிரப்படும் சுவரொட்டி சென்ற ஆண்டினுடையதாகவும் இருக்கக்கூடும். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே பழைய சுவரொட்டியைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஐந்தாம் படி: போவதற்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்

ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதன் அதிகாரபூர்வ இணையப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்ற பகுதியை முழுவதும் படியுங்கள். பரிந்துரைக்கப்படும் வயது, மழை பெய்தால் பணம் திரும்புமா, தள்ளுவண்டி உள்ளே போகுமா, பெரியவர்கள் வேடம் அணியலாமா ஆகிய நான்கும் அங்கேதான் இருக்கும். எடுத்துக்காட்டாக, டிஸ்னிலேண்டில் சாதாரண நாட்களில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வேடமணிந்து வர அனுமதி இல்லை. தனி டிக்கெட்டோடு நடக்கும் ஹாலோவீன் இரவு விருந்துகளில் மட்டும் அந்த விதி தளர்கிறது. குடும்பத்தோடு ஒரே மாதிரி உடையணிந்து போக நினைப்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டால் வாசலில் ஏமாற்றம் இருக்காது.

அதன்பின் பயனர் மதிப்புரைகளைப் பாருங்கள். நட்சத்திர எண்ணிக்கையைவிட, மதிப்புரைகளுக்குள் "டாட்லர்" (சிறு குழந்தை), "ஸ்கேர்டு" (பயந்தது), "லைன்" (வரிசை) ஆகிய சொற்களைத் தேடிப் படிப்பது அதிகம் உதவும். அப்படியும் ஐயம் தீரவில்லை என்றால் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். "என் குழந்தைக்கு ஐந்து வயது, முகமூடி அணிந்தவர்கள் அருகில் வருவார்களா?" என்ற நேரடிக் கேள்விக்கு அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள். ஆட்டிசம் போன்ற காரணங்களால் ஒலியும் ஒளியும் குழந்தைக்குத் தொல்லை தருமானால், "சென்சரி ஃப்ரெண்ட்லி" எனப்படும், இசையைக் குறைத்துக் கூட்டத்தையும் கட்டுப்படுத்திய நேரம் உண்டா என்று கேளுங்கள். டிக்கெட்டை நடத்துபவரின் பக்கத்திலோ அது சுட்டும் விற்பனைத் தளத்திலோ மட்டும் வாங்குங்கள். சமூக ஊடகப் பதிவின் பின்னூட்டத்தில் டிக்கெட் தருவதாகச் சொல்பவர்களிடம் ஒருபோதும் பணம் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: இடங்களை நேரில் தேர்ந்தெடுத்தல்

இதுவரை சொன்ன முறை எப்படி வேலை செய்கிறது என்பதை, வளைகுடாப் பகுதிக் குடும்பங்கள் போய்வரும் சில இடங்களைக் கொண்டு பார்ப்போம்.

முதலில் ஹாஃப் மூன் பே. பசிபிக் கடலோரத்தில் உள்ள இந்தச் சிற்றூரில் 1971 முதல் கலை மற்றும் பூசணித் திருவிழா நடந்துவருகிறது. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் கொலம்பஸ் தினத்துக்கு அடுத்த சனி, ஞாயிறுகளில் ஊரின் முதன்மைத் தெரு முழுவதும் கடைகளும் இசையும் நிறைந்திருக்கும், நுழைவு இலவசம். அந்தத் திங்கட்கிழமை காலையில் நடப்பது ராட்சதப் பூசணிகளை எடைபோடும் போட்டி. 2023-இல் இங்கே வென்ற காயின் எடை 2,749 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,247 கிலோ. அன்றைய நாளில் அது உலகச் சாதனை. பரங்கிக்காயைக் கீற்றாக வாங்கிப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் சென்றால், குழந்தைகளைவிட அவர்கள்தான் அந்தக் காயின் முன்னால் அதிக நேரம் நிற்பார்கள். வென்ற காய்களைத் திருவிழாவிலும் காட்சிக்கு வைப்பதால், வேலை நாளில் விடுப்பு எடுக்க முடியாதவர்கள் வார இறுதியில் பார்க்கலாம்.

ஆனால் ஊருக்குள் போக 92-ஆம் நெடுஞ்சாலையும் கடலோர 1-ஆம் நெடுஞ்சாலையுமே வழி. திருவிழா வார இறுதியில் காலை பத்து மணிக்குப் புறப்பட்டால், குன்றுகளுக்கு இடையே காருக்குள்ளேயே பகலின் ஒரு பகுதி கழிந்துவிடும். எட்டு மணிக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்து, மதிய உணவுக்கு முன் திரும்பிவிடுவது எங்கள் வழக்கம். சிறு குழந்தைகள் இருந்தால் திருவிழாவைத் தவிர்த்து, வேறொரு வார நாள் பிற்பகலில் சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போவது இன்னும் நல்லது. குட்டிக் குதிரைச் சவாரி வேண்டுமானால் லீமோஸ் பண்ணை, வைக்கோல் புதிர்வழி வேண்டுமானால் அராட்டா தோட்டம், விதவிதமான பூசணி வகைகளைப் பார்க்க வேண்டுமானால் ஃபார்மர் ஜான்ஸ் என்று மூன்றும் அருகருகே உள்ளன.

ஃப்ரீமாண்ட்டில் உள்ள ஆர்டன்வுட் வரலாற்றுப் பண்ணை, ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. பேட்டர்சன் குடும்பத்தின் பழைய மாளிகையும் குறுகிய இருப்புப்பாதையில் ஓடும் சிறு ரயிலும் அங்கே உண்டு. அக்டோபரில் நடக்கும் அறுவடைத் திருவிழாவில் வயலுக்குள் இறங்கிச் சோளக்கதிரை ஒடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பை கொண்டு போக மறக்காதீர்கள். பேய் அலங்காரம் ஏதுமின்றி, விளைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைக் குழந்தையின் கையாலேயே தொட்டறியச் செய்யும் இந்த நாளைத்தான், ஒரே ஓர் இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வேன்.

ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோ ஆகிய இரு நகரங்களின் விலங்குக்காட்சிச் சாலைகளும் "பூ அட் தி ஸூ" என்ற பெயரில் அக்டோபர் வார இறுதிகளில் பகல்நேர நிகழ்ச்சி நடத்துகின்றன. வேடமணிந்து விலங்குகளைப் பார்க்கலாம்; விலங்குகளுக்கே பூசணி கொடுக்கும் காட்சியும் சில நாட்களில் உண்டு. முகமூடிக்குப் பயப்படும் வயதில் முதல் முறையாக வேடமணிய இது நல்ல களம். சான் பிரான்சிஸ்கோவினது கடலை ஒட்டியது என்பதால், வெயில் தெரிந்தாலும் ஸ்வெட்டர் வேண்டும்.

சோளப் புதிர்வழி வேண்டுமென்றால், 80-ஆம் நெடுஞ்சாலையில் டிக்ஸன் ஊரில் உள்ள கூல் பேட்ச் பம்ப்கின்ஸ் பண்ணைக்குப் போகலாம். 2014-இல் 60 ஏக்கர் பரப்பில் அமைத்த புதிர்வழிக்காக அது கின்னஸ் சாதனை பெற்றது. அந்த ஆண்டில் வழி தெரியாமல் 911 அவசர எண்ணை அழைத்தவர்களும் உண்டு என்பதால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோடு போகிறவர்கள் பிற்பகலின் தொடக்கத்திலேயே நுழைந்து, தண்ணீரும் வரைபடமும் கையில் வைத்துக்கொள்வது அவசியம். உள்ளே போவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள்.

தெற்கு நோக்கி நெடுந்தூரம் போகத் தயாராக இருப்பவர்களுக்கு, பூனா பார்க்கில் உள்ள நாட்ஸ் பெரி ஃபார்ம் பகலும் இரவும் எவ்வளவு மாறுபடும் என்பதைத் தெளிவாகக் காட்டும். பகலில் சிறுவர்களுக்கான அலங்காரமும் மிட்டாய்ப் பாதையும் இருக்கும். 1973 முதல் நடந்துவரும் "ஸ்கேரி ஃபார்ம்" இரவோ தனி டிக்கெட் கொண்டது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. டிஸ்னியின் "ஊகி பூகி பாஷ்" இரவு, மிட்டாய்ப் பாதைகளோடு சிறுவர்களையும் எண்ணி அமைக்கப்பட்டது. ஆனால் டிக்கெட்டுகள் கோடையிலேயே விற்பனைக்கு வந்து வேகமாகத் தீர்ந்துவிடும்.

ஏழாம் படி: செலவைக் கணக்கிடுங்கள்

கடலோரத் தோட்டங்கள் பலவற்றில் நுழைவு இலவசம். ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். உள்நாட்டுப் பண்ணைகள் பலவும் நுழைவிலேயே ஒரு தொகை வாங்கிவிடும். இரண்டு குழந்தைகள் மூன்று சவாரிகள் கேட்டால் சவாரிக்குச் சவாரி சீட்டு வாங்கும் முறையே கூடுதல் செலவாகிவிடலாம் என்பதால், காரைவிட்டு இறங்கும் முன்பே "ஆளுக்கு இரண்டு சவாரி, ஒரு பூசணி" என்று குழந்தைகளோடு பேசி முடித்துவிடுங்கள். வார நாட்களில் கட்டணமும் கூட்டமும் குறைவு. பூசணியைத் தோட்டத்தில் வாங்குவது கடையில் வாங்குவதைவிட விலை அதிகம்; சிறியது ஒன்றை அங்கே நினைவுக்காக வாங்கி, செதுக்குவதற்கான பெரியதைக் கடையில் வாங்கலாம். அரசின் உணவு உதவிக்கான EBT அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, "மியூசியம்ஸ் ஃபார் ஆல்" திட்டத்தில் சேர்ந்துள்ள அருங்காட்சியகங்கள் மூன்று டாலருக்கு மிகாத நுழைவுக் கட்டணம் வைத்திருக்கின்றன.

சாம்பாருக்கோ அல்வாவுக்கோ ஆகும் என்று செதுக்கும் பூசணியை வாங்காதீர்கள். அது நார் மிகுந்து, நீர்த்து, சுவையற்றிருக்கும். "ஷுகர் பை" என்ற சிறிய வகையைக் கேட்டு வாங்கினால் நம் பரங்கிக்காய்க்கு அருகில் வரும்.

எட்டாம் படி: புறப்படும் நாளின் ஆயத்தம்

வளைகுடாப் பகுதியில் அக்டோபரிலும் சில நாட்கள் கோடையைப் போல வெப்பமாக இருக்கும். உள்நாட்டுத் தோட்டங்களில் நிழல் குறைவு. உடல் முழுவதும் மூடிய பஞ்சு வேடத்தில் குழந்தை அரை மணி நேரத்தில் வாடிவிடும். வேடத்துக்குக் கீழே மெல்லிய பருத்தி ஆடை அணிவித்தால், வேண்டும்போது மேலுறையைக் கழற்றிவிடலாம். தள்ளுவண்டியின் சிறு சக்கரங்கள் வைக்கோலிலும் மண்ணிலும் சிக்கிக்கொள்ளும்; குழந்தையை முதுகில் சுமக்கும் பை வசதியானது.

காட்டுத்தீப் புகையையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 2017 அக்டோபரில் நாப்பா, சோனோமா பகுதிகளில் எழுந்த தீயின் புகை வளைகுடாப் பகுதி முழுவதையும் பல நாட்கள் மூடியிருந்தது. புறப்படும் காலையில் "ஏர்நவ்" தளத்தில் காற்றின் தரத்தைப் பாருங்கள். குறியீடு 100-ஐத் தாண்டினால், ஆஸ்துமா உள்ள குழந்தையை வெளிப்புற நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகாமல், அருங்காட்சியகமோ நூலகமோ மாற்றாகத் தயாராக இருக்கட்டும்.

உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு "டீல் பம்ப்கின் ப்ராஜெக்ட்" பெரும் உதவி. உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் அமைப்பு 2014-இல் நாடெங்கும் கொண்டுசென்ற இத்திட்டத்தின்படி, வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருந்தால் அங்கே மிட்டாய்க்குப் பதில் பொம்மையோ ஒட்டுப்படமோ கிடைக்கும். சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மார்ஷ்மெல்லோ, கம்மி வகைகள் பல, சோளமணி வடிவ கேண்டி கார்ன் மிட்டாய் ஆகியவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். கிடைத்தவற்றை வீட்டில் பிரித்து வைத்து, வேண்டாதவற்றுக்கு ஈடாக வீட்டிலிருந்து வேறொன்று தருவதாக முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டால் அன்றிரவு அழுகை இராது. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடின மிட்டாயும் கடலையும் தொண்டையில் சிக்கும் அபாயம் உள்ளவை.

ஒன்பதாம் படி: அக்டோபர் 31 மாலை

வேடமணிந்து மிட்டாய் கேட்டு வீடு வீடாகச் செல்வதற்கு டிக்கெட் தேவையில்லை. தெருவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நடைபாதை உள்ள, விளக்குகள் நிறைந்த, கார்கள் மெதுவாகச் செல்லும் தெரு எது என்று அதற்கு முந்தைய வாரம் மாலையில் ஒரு முறை நடந்து பாருங்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். அணைந்திருந்தால் அந்த வீட்டைக் கடந்து செல்ல வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தில் கேட்டால், பங்கேற்கும் வீடுகளின் பட்டியல் வைத்திருப்பார்கள்.

அன்று இங்கே சூரியன் மாலை ஆறு மணி பத்து நிமிடம் அளவில் மறையும். சிறியவர்களோடு ஐந்தரை மணிக்குத் தொடங்கினால் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். அதற்கு மேல் வரும் கூட்டம் பெரிய பிள்ளைகளுடையது, முகமூடிகளும் அப்போதுதான் கோரமாகும். வேடத்தின் முதுகில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள், கையில் சிறு டார்ச் கொடுங்கள், தரையில் புரளும் பாவாடையைக் கணுக்கால் அளவுக்குச் சுருக்கித் தைத்துவிடுங்கள். பூசணியை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்தான் செதுக்க வேண்டும். கலிபோர்னிய வெயிலில் அதற்கு முன்பே செதுக்கினால் அன்றைக்குள் அழுகத் தொடங்கிவிடும். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வைத்தால், குழந்தைகளின் நீண்ட உடை தீப்பிடிக்கும் அச்சம் இல்லை.

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ வழிவந்த மக்கள் மறைந்தோரின் தினத்தைக் கொண்டாடுகிறார்கள். ஓக்லண்டின் ஃப்ரூட்வேல் பகுதியில் அந்நாட்களை ஒட்டிப் பெரும் விழா நடப்பதுண்டு. மண்டையோட்டு ஓவியங்களைக் கண்டு அதை ஹாலோவீனின் நீட்சி என்று நினைத்துவிடக் கூடாது. மறைந்தவரின் படத்துக்கு முன் பூவும் அவருக்குப் பிடித்த உணவும் வைத்து நினைவுகூரும் நாள் அது. திதியன்று படையல் போடும் வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு அதை விளக்க நீண்ட நேரம் ஆகாது. வேடமில்லாமல், மரியாதையோடு போய்ப் பார்க்கலாம்.

பூசணியை அப்புறப்படுத்துவது மட்டும் மீதி. உணவுக் கழிவைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்ற கலிபோர்னியச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளதால், விளக்கையும் ஒட்டுப்படங்களையும் அகற்றி, துண்டுகளாக வெட்டிப் பச்சைத் தொட்டியில் போடுங்கள். வண்ணம் பூசியதை அதில் போடக் கூடாது. செதுக்கும்போது எடுத்த விதைகளை அன்றே கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்து வைத்திருந்தால், இந்த வேலை நடக்கும்போது குழந்தைகளுக்குக் கொறிக்க ஏதாவது இருக்கும்.